இரவு ஒன்று, காலை ஒன்று

அத்தியாயம் 14

திகோமிரின் சமையலறை ரேடியோவுக்குப் பின்னால் ஒரு மாத்திரை டப்பா ஒளிந்திருப்பதை உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். உங்களையும் அவர் மனைவி டோப்ரிலாவையும் மகள் நெவேனாவையும் டாக்டரம்மாவையும் விட்டால் ஊரில் யாருக்கும் அது தெரியாது. தெரியவும் கூடாது என்பது அவர் உத்தரவு. திருக்காட்சித் திருநாளில் டான்யூப் ஆற்றில் போடும் சிலுவையை ஆறு முறை பாய்ந்து நீந்தி எடுத்த மனிதர் அறுபத்திரண்டு வயதில் பிரஷர் மாத்திரை விழுங்குகிறார் என்று ஊர் பேசினால், அவ்வளவு பெரிய மீசையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

இத்தனைக்கும் எங்கள் ஊரில் பிரஷர் ஒன்றும் வெட்கப்படுகிற வியாதி இல்லை. காபிக்கு வந்தவருக்குக் கோப்பையைக் கொடுப்பதற்கு முன்னால் கையில் பட்டையைச் சுற்றி அளந்து பார்ப்போம். வந்தவரும் தன் எண்ணைப் பிள்ளையின் பரீட்சை மார்க் மாதிரி சொல்லிக்கொள்வார். திகோமிர் மட்டும் யார் வீட்டிலும் கையை நீட்டியது கிடையாது. பட்டையை எடுத்தாலே சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்கெதுக்கு?" என்பார்.

அப்புறம், மகன் ரெல்யா வந்துவிட்டான். போன வாரம் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்து பஸ்ஸிலிருந்து இறங்கி, பெற்ற வீட்டைத் தாண்டி நேராகச் சித்தி வீட்டுக்கு நடந்தானே, அவனேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், குடும்பத்தின் புனிதருக்கு விளக்கேற்றி வீடு நிறைய விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். "அந்த பஸ்ல ஏறினா எனக்குப் பிள்ளையே இல்லைன்னு நினைச்சுக்கறேன்" என்றார் திகோமிர். அவன் ஏறிவிட்டான். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இப்போது தேவாலயக் கதவில் ஒட்டிய நீச்சல்காரர் பட்டியலில் பதினேழாவது பெயர் அப்பாவுடையது, நாற்பத்தொன்றாவது மகனுடையது. பட்டியலைப் பார்த்துவிட்டு வந்த திகோமிர் டோப்ரிலாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"தண்ணிக்குள்ள யாரும் யார்கிட்டயும் முகத்தைத் திருப்பிக்க முடியாது, டோப்ரிலா."

அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. சிலுவைகூட வேண்டாம். உறையவைக்கும் தண்ணீரில் முப்பத்து மூன்று மீட்டர் மகன் பக்கத்தில் நீந்த வேண்டும்.

நெவேனா சுகாதார நிலையத்தில் நர்ஸ். இரண்டு வாரம் அப்பாவோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். கடைசியில் டாக்டரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார். அன்றைக்குக் கரையில் அளப்போம், நூற்றைம்பதைத் தாண்டினால் கரையோரம் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும்.

அங்கேதான் மாத்திரை வந்து குறுக்கே நின்றது. அவர் தினமும் காலை ஏழு மணிக்கு மாத்திரை போடுகிறவர். திருக்காட்சித் திருநாளன்று நற்கருணை வாங்குகிறவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வருவார்கள். திகோமிர் முப்பது வருஷமாக அப்படித்தான்.

"மருந்து சாப்பாடு இல்லப்பா. ஒரு மடக்குத் தண்ணியில எப்பவும்போல ஏழு மணிக்கே போட்டுடு" என்று நெவேனா சொல்லிவிட்டுப் போனாள்.

"அவ கிடக்கறா. நீ நாளைக்கு உள்ளதை இன்னைக்கே பத்து மணிக்குப் போட்டுட்டுப் படு மனுஷா. சாமிக்கும் ஆச்சு, பிரஷருக்கும் ஆச்சு" என்றாள் டோப்ரிலா.

மனைவி சொல் கேட்டு, திருநாளுக்கு முந்தின இரவு பத்து மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்தார். இதை மகளிடம் சொல்ல வேண்டும் என்று அந்த இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

*

விடிந்தது. வெளியே பனி, மணியோசை. டோப்ரிலா கட்டவிழ்ந்த குதிரை போல வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். துண்டு எங்கே, கம்பளிக் காலுறை எங்கே, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாளா இல்லையா?

ரேடியோவில் ஏழு மணிச் செய்தி முடிந்தது. போன் அடித்தது.

ஆறு மாதமாக ஒரு நாள் தவறாத போன் அது. மணி அடிக்கும்போதே திகோமிரின் வலது கை ரேடியோவுக்குப் பின்னால் போகும், டப்பாவைத் திறக்கும். இடது கை தண்ணீர் டம்ளரைத் தூக்கும். போனை எடுக்கும்போது மாத்திரை தொண்டைக்குக் கீழே இறங்கியிருக்கும். இன்றைக்கும் கைகள் தங்கள் வேலையைச் செய்தன.

"போட்டியாப்பா?" என்றாள் நெவேனா. பின்னால் கூடாரம் அடிக்கிற சத்தம்.

"போட்டேன்" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கில் ஈரம் தெரிந்தது. கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். பாதி காலி.

"அப்பா, கேக்குதா? கரையில பாக்கலாம்."

போன் வைக்கப்பட்டது. திகோமிர் அசையாமல் நின்றார். முப்பது வருஷ விரதம் அரை டம்ளர் தண்ணீரில் போய்விட்டது. இரவு ஒன்று உள்ளே போனதே, அது ஞாபகத்துக்கே வரவில்லை. பாவத்தை எண்ணுகிறவர் மாத்திரையை எண்ணுவாரா?

"என்ன மனுஷா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? சட்டையைப் போடு" என்றாள் டோப்ரிலா.

போட்டார்.

*

தேவாலயத்தில் எள் போட்டால் எள் விழாது. எதிர்ப்பட்டவரெல்லாம் திருநாள் வாழ்த்தாக, "கடவுள் தோன்றினார்" என்றார்கள். "மெய்யாகவே தோன்றினார்" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே திகோமிர் தன் வழக்கமான தூணுக்குப் போனார். எதிர்த் தூணில் ரெல்யா நின்றான். இளைத்திருந்தான். தாடி விட்டிருந்தான். மூக்கு மட்டும் அப்படியே அப்பன் மூக்கு.

பாதிரியார் நற்கருணைக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசை நகர்ந்தது. எப்போதும் முதல் ஐந்து பேருக்குள் போகிற திகோமிர் இன்றைக்குத் தூணை விட்டு நகரவில்லை.

டோப்ரிலா விலாவில் இடித்தாள். "போயேன்."

"கால் மரத்துப்போச்சு."

"மூணு அடி நடக்கவா?"

அவர் தூணில் சாய்ந்துகொண்டார். பின்னால் குசுகுசுப்புக் கிளம்பிவிட்டது. மனத்தில் பகையை வைத்துக்கொண்டு கிண்ணத்தை நெருங்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். போனவன் மன்னித்தவன், போகாதவன் மன்னிக்காதவன். மகன் ஊர் திரும்பியிருக்கிற நேரத்தில் அப்பன் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றால் ஊர் வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

"இன்னும் மனசு ஆறல கிழவனுக்கு."

"பெத்த பிள்ளையாச்சே, பாவம்."

இது திகோமிரின் காதில் விழவில்லை. ரெல்யாவின் காதில் விழுந்தது. அப்பாவுக்குப் பின்னால் போகலாம் என்று காத்திருந்தவன், மார்பில் வைத்த கைகளை மெல்லக் கீழே இறக்கினான். திரும்பிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

அந்த முதுகைப் பார்த்தபோதுதான் திகோமிருக்கு விஷயம் உறைத்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? மாத்திரை போட்டேன் என்றா? பக்கத்துத் தூணில் மீன்கடைக்காரரும், அவருக்கு அடுத்தபடி ஊர்த் தபால்காரரும் நின்றுகொண்டிருந்தார்கள். வாய் மூடிக்கொண்டது.

*

ஆற்றங்கரையில் பனிக்கட்டியில் செதுக்கிய ஆளுயரச் சிலுவை. அதன்மேல் சிவப்பு ஒயினை ஊற்றியிருந்தார்கள். பித்தளை வாத்தியக் கோஷ்டி முழங்கிக்கொண்டிருந்தது. சூடாக்கிய ராக்கியா பழச்சாராயத்தின் வாசனை கரை முழுக்கச் சுற்றியது. இந்த நாளில் எங்கள் ஊரில் ஒருவருக்கும் குளிராது.

கூடாரத்தில் இரண்டு மேஜைகள். ஒன்றில் நெவேனா, மற்றதில் ஒரு இளம் டாக்டர். ரெல்யா அக்காவின் மேஜையைத் தவிர்த்துவிட்டு டாக்டரிடம் போனான். முடித்துக்கொண்டு வந்து, அளவு எழுதிய சீட்டைப் பெயர் குறிப்பவரிடம் காட்டிவிட்டுக் கோட்டுப் பைக்குள் திணித்து, கோட்டைக் கழற்றி அக்காவின் நாற்காலிமேல் போட்டான்.

"வெச்சுக்கோ."

"அப்பா பின்னாடி வராருடா. ஒரு வார்த்தை பேசு."

"கிண்ணத்துகிட்டகூட வரமாட்டேன்னுட்டார். நான் என்ன பேசறது?" சொல்லிவிட்டு வெறும் உடம்போடு மிதவையை நோக்கி நடந்தான்.

நெவேனா நிமிர்ந்து பார்ப்பதற்குள் திகோமிர் எதிரே உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார். பட்டை உப்பியது, தளர்ந்தது. வரிசையில் பின்னால் நின்றவர் தோள்மேல் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். எங்கள் ஊரில் எண்ணுக்கு அந்தரங்கம் கிடையாது.

"நூத்தி எட்டுக்கு அறுபத்திரண்டு. அடேங்கப்பா, இருபது வயசுப் பையனோட பிரஷர்."

கூடாரம் கைதட்டியது. திகோமிர் மீசையைத் தடவிக்கொண்டார். காலையிலிருந்து நடந்ததில் இது ஒன்றுதான் அவருக்குச் சாதகம்.

நெவேனா கைதட்டவில்லை. ஆறு மாதத்தில் இந்த மனிதர் நூற்றுநாற்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. இன்றைக்கோ சாப்பாடில்லை, மனத்தில் பாறாங்கல். ஏறியிருக்க வேண்டிய எண் எப்படி இறங்கியது?

"எழுந்து நில்லுப்பா."

"எதுக்கு? அதான் பாத்தாச்சே."

"நில்லு."

நின்றார். கூடாரத்தின் கம்பம் ஒரு பக்கமாகச் சாய்வது போல இருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நெவேனா மறுபடி பட்டையை அழுத்தினாள். இந்த முறை யாரும் படிப்பதற்குள் திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள். எண்பத்தாறு.

அவரைத் திரைச்சீலைக்குப் பின்னால் இழுத்துப் போய்ப் படுக்கவைத்தாள். கால்களைத் தூக்கி மரப்பெட்டிமேல் வைத்தாள்.

"உண்மையைச் சொல்லு. எத்தனை போட்டே?"

"ஒன்னுதான். காலைல நீ கூப்பிட்டப்ப..." பேச்சு நின்றது. கண் விரிந்தது. "ராத்திரி ஒன்னு. உங்கம்மா கொடுத்தா."

நெவேனா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இந்த நிலையில அந்தத் தண்ணில குதிச்சா நேரா அடிக்குத்தான் போவே. சிலுவைக்குப் பதிலா உன்னைத்தான் தேடி எடுக்கணும்."

"எனக்கு ஒன்னும் இல்ல. விடு நெவேனா."

"முடியாது."

"என்னைச் சத்தமில்லாம அனுப்பிடு. அவன் அங்க தனியா நிக்கறான். நான் அவனை ஒதுக்கினதா நினைச்சுட்டுத் தண்ணில இறங்கப்போறான்." மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு பஸ் ஏறிடுவான். மூணு வருஷத்துல என்னை ஒருதரம் நினைச்சிருப்பானா, அவன்?"

நெவேனா தன் போனை எடுத்து அவர் கண்ணெதிரே நீட்டினாள்.

"தினமும் ஏழு மணிக்கு நான் உன்னைக் கூப்பிடறேனே. அதுக்கு முன்னாடி யார் என்னைக் கேக்கறாங்கன்னு பாரு. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான். போகட்டும்."

திரையில் ஒரே ஒரு சொல், வரிசை வரிசையாக. போட்டாரா? ஆறு ஐம்பத்தெட்டு, ஆறு ஐம்பத்தொன்பது, ஆறு ஐம்பத்தெட்டு. அவள் விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. இலையுதிர்காலம், கோடை, டாக்டரம்மா முதல் சீட்டு எழுதிக்கொடுத்த அந்த வாரம் வரை. போட்டாரா? போட்டாரா? போட்டாரா?

கடைசி வரி இன்றைய தேதி.

திகோமிர் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். நெவேனா கொடுத்த தண்ணீரை மறுபேச்சில்லாமல் குடித்து முடித்தார். வெளியே வாத்தியம் ஓய்ந்தது.

"நீந்தல" என்றார். "என்னைக் கயிறு வரைக்கும் கூட்டிட்டுப் போ."

"மெதுவா நடக்கலாம். ஓடக்கூடாது."

"சரி."

அவர் ஒரே சொல்லில் சரி என்றதை நெவேனா வாழ்நாளில் அன்றைக்குத்தான் கேட்டாள்.

*

மகள் ஒரு பக்கம், விஷயம் தெரிந்து ஓடிவந்த டோப்ரிலா மறு பக்கம். ரெல்யாவின் கோட்டு திகோமிரின் தோளில். மிதவையில் ஐம்பது பேர் வெறும் உடம்போடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ரெல்யா கடைசியில், தண்ணீரையே பார்த்தபடி நின்றான்.

பாதிரியார் ஆசி கொடுக்கக் கையை உயர்த்தினார். இரண்டாயிரம் பேர் கூடிய கரை மூச்சுகூட விடாமல் நின்றது. அந்த அமைதியில் திகோமிரின் குரல் எழுந்தது. அதை அவர் திட்டமிடவில்லை. விசில் ஊதிவிட்டால் நேரமில்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

"ரெல்யா. நான் பிரஷர் மாத்திரை போட்டுட்டேன்டா."

இரண்டாயிரம் தலைகள் திரும்பின.

"ஆறு மாசமா போடறேன். காலைல பழக்கதோஷத்துல வாயில போட்டுத் தண்ணியைக் குடிச்சுட்டேன். விரதம் கெட்டுப்போச்சேன்னுதான் கிண்ணத்துகிட்ட வரல. உன்மேல எனக்குக் கோவம் இல்லடா. சத்தியமா இல்ல."

ஊரில் யாருக்குத் தெரியக்கூடாது என்று அவர் ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்தாரோ, அத்தனை பேரும் கேட்டார்கள். மீன்கடைக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றார்.

பாதிரியார் உயர்த்திய கையை இறக்காமலே ஒலிபெருக்கியில் சொன்னார். "திகோமிர், மருந்துக்கெல்லாம் விரதம் கெடாது. நேத்தே என்னைக் கேட்டிருக்கலாம்."

கரை வெடித்துச் சிரித்தது. அதோடு நின்றிருந்தால் அது எங்கள் ஊரே இல்லை.

"எந்த மாத்திரை, திகோமிர்? வெள்ளையா, ரோஸா?"

"காலைல போடறதுதான் சரி. நான் பதினஞ்சு வருஷமா காலைலதான்."

"ராத்திரி போட்டாதான் வேலை செய்யும். என் மச்சான் சொன்னான்."

"உன் மச்சான் கொத்தனார்தானே?"

ஆளுக்கு ஆள் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நெவேனாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெஞ்சின்மேல் ஏறிக் கத்தினாள்.

"காலையோ ராத்திரியோ, ரெண்டுல பெருசா வித்தியாசம் இல்ல. டாக்டர் சொன்ன நேரம், தினமும் அதே நேரம், மறக்காம ஒன்னு. நேரத்தை மாத்தணும்னா எங்களைக் கேட்டு மாத்துங்க. பொண்டாட்டி சொன்னான்னு ஒன்னு, பொண்ணு சொன்னான்னு ஒன்னு போடாதீங்க."

டோப்ரிலா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மிதவையின் கடைசியில் ரெல்யா குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை. விசில் ஊதியது. நாற்பத்தொன்பது பேர் பாய்ந்தார்கள். அவன் நிமிர்ந்து, கண்ணைத் துடைத்து, அப்பா நிற்கிற இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசியாகக் குதித்தான். சிரித்துக்கொண்டுதான் குதித்தான்.

ஆற்றில் போட்ட சிலுவையை ஒரு தீயணைப்பு வீரர் எடுத்தார். கூட்டம் அவரிடம் ஓடியது. திகோமிர் ஓடவில்லை. சொன்ன சொல் காப்பாற்றி அடிமேல் அடி வைத்து, எல்லோரும் இடித்துக்கொண்டு போக, படிக்கட்டு வரை நடந்தார். கடைசி ஆளாக ரெல்யா கரையேறியபோது உதடு நீலமாக இருந்தது. கோட்டை விரித்துப் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார்.

"கடவுள் தோன்றினார்" என்றார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு மகனிடம் முகத்துக்கு முகம் பேசிய முதல் வார்த்தை.

"மெய்யாகவே தோன்றினார்" என்றான் ரெல்யா, பல் அடித்துக்கொள்ள. கோட்டுக்குள் வந்து அப்பாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டான். "ஏம்ப்பா, ரெண்டா போட்டே?"

"ஒன்னு உங்கம்மா கொடுத்தது" என்றார் திகோமிர். அவனை இறுக்கிக்கொண்டார். "ஒன்னு நீ கொடுத்தது."

டோப்ரிலா சத்தம் போட்டே அழுதாள். அழுதுகொண்டே மகனின் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே, சித்தி வீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு மத்தியானம் மீன் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று உத்தரவும் போட்டாள். அவன் தலையாட்டினான்.

நெவேனா குனிந்து கீழே கிடந்த சீட்டை எடுத்தாள். கோட்டை விரித்தபோது பையிலிருந்து விழுந்த, அவனுடைய அளவுச் சீட்டு. டாக்டரின் கையெழுத்து சரி. நூற்றுமுப்பத்தெட்டு. ஆனால் நடு இலக்கமான மூன்றின்மேல் மட்டும் வேறு பேனா ஓடியிருந்தது. மையின் நிறம் வேறு.

லின்ஸில் உட்கார்ந்துகொண்டு ஆறு மாதமாகத் தினமும் ஏழுக்கு இரண்டு நிமிடம் முன்னால் இவனுக்கு மாத்திரை எப்படி ஞாபகம் வந்தது என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை.

சீட்டை உள்ளங்கையில் மடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பட்டையை எடுத்தாள்.

"தம்பி, கையைக் கொடு. ஒருதரம் பாத்துடறேன்."

ரெல்யா கோட்டின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எனக்கெதுக்கு?" என்றான்.